மியூவானின் காந்தமும் ‘புதிய துகள்’ செய்தியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021 ஏப்ரலில் ஒரு செய்தி சுற்றியது: ‘இயற்பியல் பாடப்புத்தகத்தை மாற்றி எழுத வேண்டியிருக்கும், மியூவான் என்ற துகள் விதியை மீறுகிறது.’ 2025 ஜூனில் இன்னொன்று வந்தது: ‘மீறவில்லை, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.’ இரண்டையும் படித்தவர்கள், நடுவில் யாரோ தப்பாக அளந்துவிட்டு அப்புறம் திருத்திக்கொண்டார்கள் என்று நினைக்கிறார்கள். நடந்தது வேறு. நண்பர்களும் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைத் தொகுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கணக்குச் சூத்திரம் எதுவும் கிடையாது. எண்கள் உண்டு, அவை இல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

முதலில் நேராகச் சொல்லுங்கள். புதிய துகள் கிடைத்ததா, இல்லையா?

கிடைக்கவில்லை. இன்றைய நிலவரப்படி மியூவானின் காந்தத்தை அளந்து வந்த எண்ணும், நமக்குத் தெரிந்த துகள்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு வந்த எண்ணும் பிழை எல்லைக்குள் பொருந்துகின்றன. ஆனால் அந்தப் பொருத்தம் எப்படி வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அளவை கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றது. நகர்ந்து வந்தது கணக்கு.

மியூவான் என்றால் என்ன?

எலக்ட்ரானின் குண்டு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னூட்டம் அதே, சுழலும் தன்மை அதே. எடை மட்டும் சுமார் 207 மடங்கு. ஆயுள் குறைவு: பிறந்து சராசரியாக 2.2 மைக்ரோ நொடியில் ஒரு எலக்ட்ரானாகவும் இரண்டு நியூட்ரினோக்களாகவும் சிதைந்துவிடும்.

1936-ல் கார்ல் ஆண்டர்சனும் சேத் நெடர்மேயரும் விண்கதிர்களில் இதைக் கண்டுபிடித்தார்கள். அணுவைக் கட்ட இது தேவையே இல்லை. அதனால்தான் இயற்பியலாளர் இசிடோர் ராபி, ‘இதை யார் ஆர்டர் பண்ணியது?’ என்று கேட்டாராம், உணவகத்தில் கேட்காத பலகாரம் மேசைக்கு வந்ததுபோல. இன்றுவரை அதற்கு யாரிடமும் நல்ல பதில் இல்லை.

மியூவானைத் தேடி எங்கும் போக வேண்டாம். விண்கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் மோதிப் பிறந்த மியூவான்கள் இந்த நொடியும் உங்கள் தலைக்கு மேலிருந்து கொட்டிக்கொண்டிருக்கின்றன. உள்ளங்கையை விரித்து நீட்டினால் நொடிக்கு ஏறத்தாழ ஒன்று அதைத் துளைத்துப் போகும். ஊட்டியில் இருக்கும் கிரேப்ஸ்-3 ஆய்வகம் இந்த மியூவான்களைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது. 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகம் மேலே போனபோது மியூவான் எண்ணிக்கை குறைந்ததை வைத்து, அந்த மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது என்று அங்கிருந்தவர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். இந்தக் கட்டுரைக்கு அது பக்கவாட்டுச் செய்திதான். ஆனாலும் நம்ம ஊர் மலையில் நடந்ததைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

அதற்கு எப்படிக் காந்தம் வந்தது? ‘ஜி-மைனஸ்-2’ என்ற விசித்திரமான பெயர் ஏன்?

மின்னூட்டம் உள்ள துகளுக்குத் தற்சுழற்சியும் இருந்தால் அது ஒரு குட்டிக் காந்தம் போல நடந்துகொள்ளும். அந்தக் காந்தம் எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்லும் எண்ணுக்கு ‘ஜி’ என்று பெயர். 1928-ல் பால் டிராக் எழுதிய சமன்பாடு, ஜி-யின் மதிப்பு சரியாக 2 என்றது.

1947-ல் போலிகார்ப் குஷ்ஷும் ஹென்றி ஃபோலியும் எலக்ட்ரானை அளந்தபோது 2-ஐவிடக் கொஞ்சம் கூடுதலாக வந்தது. ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கூடுதல், ஆனால் அது அங்கே இருந்தது. அடுத்த ஆண்டே ஜூலியன் ஷ்விங்கர் அதற்குக் கணக்குப் போட்டுக் காரணம் காட்டினார். அவருடைய விடை மிகச் சின்னது: ஆல்ஃபா என்ற மாறிலியை இரண்டு பை-யால் வகுத்தால் 0.00116. கேம்பிரிட்ஜ் நகரில் அவருடைய கல்லறைக் கல்லிலும் அதைச் செதுக்கியிருக்கிறார்கள். பெயருக்குக் கீழே என்ன எழுதலாம் என்று யோசிக்கும் இயற்பியலாளர்களுக்கு இதைவிடச் சுருக்கமான வாழ்க்கை வரலாறு கிடைக்காது.

ஜி-யிலிருந்து 2-ஐக் கழித்தால் மிஞ்சுவதுதான் சுவாரசியமான பகுதி. அதில் பாதியை ‘முரண்பகுதி’ என்று சொல்கிறோம். மியூவானுக்கு அது ஏறக்குறைய 0.00116592. இந்தப் பதிவில் வரும் சண்டை எல்லாம் இந்த எண்ணின் வாலில் நடப்பது.

சுற்றிலும் வெற்றிடம்தானே? அங்கே எது வந்து காந்தத்தை மாற்றும்?

குவாண்டம் உலகில் வெற்றிடம் சும்மா இருக்காது. ஒரு மியூவான் போகும்போது அதைச் சுற்றி ஒளித்துகள்களும் எலக்ட்ரான் ஜோடிகளும் குவார்க்குகளும் (புரோட்டானுக்குள் இருக்கும் குட்டித் துகள்கள்) மற்ற எல்லாமும் கணநேரம் தோன்றி மறைகின்றன. இவற்றை மெய்நிகர் துகள்கள் என்போம். ஒவ்வொன்றும் மியூவானின் காந்தத்தில் துளித்துளியாகக் கைவைக்கிறது. கல்யாண வீட்டில் சாம்பாரைக் கடந்துபோகும் ஆளெல்லாம் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுவிட்டுப் போவதுபோல.

இதில்தான் இந்த அளவையின் ருசி இருக்கிறது. நாம் இன்னும் கண்டுபிடிக்காத ஒரு துகள் இருந்து, அது மியூவானோடு உறவாடுமானால், அதுவும் தன் சிட்டிகையைப் போட்டிருக்கும். நமக்குத் தெரிந்த எல்லா ஆளின் உப்பையும் கூட்டிப் பார்த்து, சாம்பாரின் உப்பு அதைவிட அதிகமாக இருந்தால், முகம் தெரியாத ஒருவர் வந்து போயிருக்கிறார் என்று அர்த்தம்.

எலக்ட்ரானை இன்னும் துல்லியமாக அளக்கலாமாமே? பின் ஏன் மியூவான்?

எலக்ட்ரானை மின்காந்தப் பொறியில் ஒற்றையாக அடைத்து வைத்து ஜி-யைப் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாக அளந்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் கனமான, தெரியாத துகள்களின் பாதிப்பு எடையின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 207-ஐ 207-ஆல் பெருக்கினால் சுமார் 43,000. அவ்வளவு மடங்கு மியூவானுக்கு உணர்ச்சி அதிகம். இன்னும் கனமான டாவ் துகள் இதைவிட நல்லது, ஆனால் அது பிறந்த கையோடு போய்விடுகிறது. அதை வளையத்தில் ஓடவிட்டு வேடிக்கை பார்க்க நேரமில்லை.

2 மைக்ரோ நொடியில் சாகும் துகளை எப்படி அளக்கிறார்கள்?

கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த பகுதியும் இதுதான்.

அமெரிக்காவில் சிகாகோவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபெர்மிலேப் ஆய்வகத்தில் புரோட்டான்களை ஓர் உலோக இலக்கில் மோத விடுகிறார்கள். அதில் பயான் என்ற துகள்கள் பிறக்கின்றன. பயான் சிதைந்து மியூவான் வருகிறது. இயற்கை செய்த உதவி ஒன்று உண்டு: இப்படிப் பிறக்கும் மியூவான்களின் காந்த முனை ஏற்கெனவே ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு வரும். நாம் தனியாக வரிசைப்படுத்த வேண்டியதில்லை.

அந்த மியூவான்களை 14 மீட்டர் விட்டமுள்ள ஒரு காந்த வளையத்துக்குள் செலுத்துகிறார்கள். காந்தப்புலம் 1.45 டெஸ்லா. ஒரு சுற்றுச் சுற்ற 149 நானோ நொடி. ஒளியின் வேகத்தில் 99.94 விழுக்காடு வேகத்தில் ஓடுவதால் ஐன்ஸ்டீனின் கணக்குப்படி அதன் கடிகாரம் மெதுவாகிவிடுகிறது. 2.2 மைக்ரோ நொடி ஆயுள் நம் பார்வையில் 64 மைக்ரோ நொடியாக நீள்கிறது. அதற்குள் நானூறு சுற்றுக்கு மேல் ஓடிவிடலாம்.

இப்போது இரண்டு முள் உள்ள ஒரு கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முள், மியூவான் எந்தத் திசையில் ஓடுகிறது என்று காட்டுகிறது. இன்னொரு முள், அதன் காந்த முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காட்டுகிறது. காந்தப்புலத்தில் மாட்டிய மியூவான், சாய்ந்து சுற்றும் பம்பரம் போலத் தலையைச் சுழற்றும். ஜி சரியாக 2 என்றால் இரண்டு முட்களும் ஒட்டிக்கொண்டே சுற்றும். 2-ஐவிடத் துளி கூட இருப்பதால் காந்த முள் மெல்ல மெல்ல முந்துகிறது. சுமார் 29 சுற்று முடியும்போது ஒரு முழு வட்டம் முந்தியிருக்கும். அதற்கு ஆகும் நேரம் 4.4 மைக்ரோ நொடி.

இதிலுள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். ஜி-யை அளந்து அதிலிருந்து 2-ஐக் கழிக்கவில்லை. கழித்து மிஞ்சும் பகுதியை மட்டுமே நேரடியாக அளக்கிறார்கள். இரண்டு உயரமான ஆட்களைத் தனித்தனியாக அளந்து வித்தியாசம் காண்பதற்குப் பதில், முதுகோடு முதுகு நிற்க வைத்து உச்சந்தலை வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதுபோல. துல்லியம் ஒரேயடியாக எகிறிவிடும்.

சரி, காந்த முள் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? மியூவானே சாகும்போது சொல்லிவிட்டுப் போகிறது. இங்கே ஓடுவது நேர்மின் மியூவான், அது சிதைந்து எலக்ட்ரானுக்குப் பதில் பாசிட்ரான், அதாவது நேர்மின் எலக்ட்ரான், வரும். அதிக ஆற்றலுள்ள பாசிட்ரான், காந்த முனை பார்த்த பக்கமே பெரும்பாலும் கிளம்பும். வளையத்தின் உள்விளிம்பில் ஆற்றலை அளக்கும் 24 கலோரிமீட்டர்கள். ஒவ்வொன்றிலும் 54 ஈய ஃபுளோரைடு படிகங்கள். பாசிட்ரான் வந்து மோதினால் ஒளிக்கீற்று. முள் ஓட்டத் திசையோடு சேர்ந்திருக்கும்போது ஆற்றல் மிக்க பாசிட்ரான்கள் நிறைய, எதிர்த்திசையில் இருக்கும்போது குறைவு. நேரத்துக்கு எதிராக எண்ணிக்கையை வரைந்தால், ஏறி இறங்கி ஏறி இறங்கி மெல்லத் தேய்ந்துபோகும் ஓர் அழகான அலைக்கோடு கிடைக்கும். அந்த அலையின் அதிர்வெண் பாதி விடை.

மீதிப் பாதி?

காந்தப்புலம். முள் எவ்வளவு வேகமாக முந்துகிறது என்பது புலத்தின் வலுவைப் பொறுத்தது. அதனால் புலத்தையும் அதே துல்லியத்தில் தெரிந்து வைத்திருந்தால்தான் அந்த அதிர்வெண்ணுக்கு மதிப்பு.

வளையத்தைச் சுற்றி 378 நிலையான அளவிகள். அவற்றுக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? பெட்ரோலியம் ஜெல்லி. பனிக்காலத்தில் உதட்டுக்குத் தடவுவோமே, அதேதான். அதிலுள்ள ஹைட்ரஜன் கருக்கள் புலத்தில் எந்த அதிர்வெண்ணில் ஆடுகின்றன என்று பார்த்தால் புலம் தெரிந்துவிடும். எம்ஆர்ஐ ஸ்கேனில் நடப்பதும் இதே கதை. அப்புறம், மியூவான் ஓடும் அதே பாதையில் மூன்று நாளுக்கு ஒரு முறைபோல 17 அளவிகள் பொருத்திய ஒரு குட்டி வண்டி தண்டவாளத்தில் ஊர்ந்து முழு வட்டமும் அளந்துவிட்டு வரும்.

புலத்தைச் சீராக்க ஆயிரக்கணக்கான மெல்லிய இரும்புத் தகடுகளை வெட்டி, எங்கே கொஞ்சம் குறைகிறதோ அங்கே ஒட்டினார்கள். ஆடும் மேசைக்குக் காகிதம் மடித்து முட்டுக் கொடுப்பதுபோன்ற வேலை, மாதக்கணக்கில். முடிவில் பழைய பரிசோதனையில் இருந்ததைவிடப் புலம் மூன்று மடங்கு சீரானது. கூடத்தின் வெப்பம் மாறினால் இரும்பு விரிந்து புலம் நகரும். எனவே முதல் கட்ட அளவைக்குப் பிறகு காந்தத்துக்குக் கம்பளி போர்த்தியதுபோல வெப்பக் காப்பு உறை மாட்டிவிட்டார்கள். அதே முதல் கட்டத்தில், மியூவான் கற்றையை நடுவில் பிடித்து வைக்கும் மின்தகடுகளுக்கான 32 மின்தடைகளில் இரண்டு கெட்டுப்போயிருந்தன. கற்றை லேசாக இடம்பெயர்ந்தது. அந்த இரண்டு மின்தடைகள் செய்த குளறுபடியைக் கணக்கில் சரிக்கட்டவே பெரும்பாடு பட்டார்கள். அளவைத் துறையில் இருப்பவர்களின் அன்றாடம் இதுதான். புதிய துகள் பற்றிய கனவெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு.

அந்த வளையத்தைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனார்களாமே, நிஜமா?

நிஜம். வளையம் முதலில் நியூயார்க்கின் லாங் தீவில் உள்ள ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் இருந்தது. அங்கே 1997 முதல் 2001 வரை அளந்தார்கள். அதற்கும் முன்னால் 1950-களின் கடைசியிலிருந்தே ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் மூன்று தலைமுறைப் பரிசோதனைகள் நடந்திருந்தன.

ப்ரூக்ஹேவனில் கணக்கோடு பொருந்தாத விடை வந்தது. இன்னும் துல்லியமாக அளக்க வேண்டும், அதற்கு இன்னும் நிறைய மியூவான் வேண்டும். ஃபெர்மிலேபில் மியூவானுக்குப் பஞ்சமில்லை, வளையம்தான் இல்லை. புதிதாகச் செய்வதைவிடப் பழையதைக் கொண்டுவர ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் செலவு. இரும்பைத் துண்டு துண்டாகக் கழற்றி லாரியில் ஏற்றலாம். ஆனால் 15 மீட்டர் அகலமுள்ள மீக்கடத்திச் சுருளைக் கழற்ற முடியாது, சில மில்லிமீட்டர் வளைந்தாலும் பாழ்.

2013 கோடையில் அதை அப்படியே ஒரு மிதவையில் ஏற்றி, அட்லாண்டிக் கரையோரம் தெற்கே இறங்கி, ஃப்ளோரிடாவைச் சுற்றி, மெக்சிகோ வளைகுடா வழியாக ஆறுகளுக்குள் நுழைந்து இல்லினாய் வரை கொண்டுவந்தார்கள். சுமார் 5,000 கிலோமீட்டர். கடைசிக் கட்டத்தில் இரவுகளில் சாலையை மூடிவிட்டு, ஆமை வேகத்தில் ஊர்ந்த ராட்சத வண்டியில் ஜூலை 26 அன்று உள்ளே வந்து சேர்ந்தது. தேர் நிலைக்கு வந்ததுபோல ஆயிரக்கணக்கில் ஜனங்கள் கூடி நின்று பார்த்தார்கள்.

தாங்கள் எதிர்பார்த்த விடை வரும்வரை தோண்டிக்கொண்டே இருந்திருக்க மாட்டார்களா?

நல்ல சந்தேகம். அவர்களுக்கும் அதே சந்தேகம் தங்கள்மேலேயே இருந்தது. அதனால் கடிகாரத்தையே மறைத்துவிட்டார்கள். கருவிகள் நேரத்தை எண்ணப் பயன்படுத்தும் கடிகாரத்தின் அதிர்வெண்ணை, குழுவில் இல்லாத இருவர் துளி மாற்றி வைத்தார்கள். எவ்வளவு மாற்றினார்கள் என்ற எண் உறையில் மூடி வைக்கப்பட்டது. ஆய்வு செய்பவர்களுக்கு அலைக்கோடு தெரியும், அதன் உண்மையான அதிர்வெண் தெரியாது. எல்லாத் திருத்தங்களையும் முடித்து, ‘இனி எதையும் மாற்ற மாட்டோம்’ என்று முடிவு செய்த பிறகுதான் உறையைத் திறப்பார்கள். முதல் உறை 2021 பிப்ரவரி 25 அன்று, கொரோனா காலமென்பதால் இணையவழிக் கூட்டத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கத் திறக்கப்பட்டது. விடை ப்ரூக்ஹேவன் எண்ணுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது.

அப்போது சொன்ன ‘4.2 சிக்மா’ என்றால் என்ன?

இந்த வித்தியாசம் வெறும் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சொல்லும் அளவு. 4.2 சிக்மா என்றால் சுமார் 40,000-ல் ஒன்று. துகள் இயற்பியலில் ‘கண்டுபிடித்தோம்’ என்று சொல்ல 5 சிக்மா வேண்டும், அதாவது சுமார் 35 லட்சத்தில் ஒன்று. ஆனால் இதில் ஒரு பொடி எழுத்து நிபந்தனை உண்டு: இரண்டு பக்கத்தின் பிழை மதிப்பீடும் சரியாக இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். செய்தித்தாள்களில் அந்தப் பொடி எழுத்து அச்சாகவில்லை.

சரி, அப்படியானால் அந்த இடைவெளி எங்கே போனது?

எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 0.0011659 வரை எல்லாருக்கும் ஒன்றுதான். அதற்கு அடுத்த நான்கு இலக்கங்களில்தான் தகராறு. அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

2021-ல் அளவை (ப்ரூக்ஹேவனும் ஃபெர்மிலேபும் சேர்ந்து): 2061, பிழை 41. அன்றைய கணக்கு: 1810, பிழை 43. இடைவெளி 251.

2025 ஜூன் 3 அன்று ஃபெர்மிலேப் தன் கடைசி விடையை வெளியிட்ட பிறகு உலகச் சராசரி: 2071.5, பிழை 14.5. ஒரு வாரம் முன்னால், இந்தக் கணக்கைப் போடும் கோட்பாட்டுக் குழு வெளியிட்ட புதிய கணக்கு: 2033, பிழை 62. இடைவெளி 38 மட்டுமே.

நான்கு ஆண்டில் அளவை நகர்ந்தது பத்துச் சொச்சம். கணக்கு நகர்ந்தது 223.

ஏன் என்று பார்க்க, கணக்கில் என்னென்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒளித்துகளும் எலக்ட்ரான் வகையறாவும் தரும் மின்காந்தப் பங்குதான் மிகப் பெரியது. அதில் சந்தேகமே இல்லை. டோய்ச்சிரோ கினோஷிடாவும் அவர் குழுவும் ஐந்தாம் படியில் மட்டும் 12,672 வரைபடங்களைக் கணக்குப் போட்டு முடித்துவிட்டார்கள். டபிள்யூ, இசட், ஹிக்ஸ் துகள்கள் தருவது நம் அளவுகோலில் 154 தான், அதுவும் உறுதியானது. இங்கே ஒரு கணம் நில்லுங்கள்: 2021-ல் பேசப்பட்ட இடைவெளியான 251, நமக்குத் தெரிந்த இந்தக் கனமான துகள்கள் எல்லாம் சேர்ந்து தருவதைவிடப் பெரியது! அவ்வளவு பெரிய பாதிப்பைத் தரும் புதிய துகள், செர்னின் எல்ஹெச்சி மோதல் கருவியில் ஒரு முறைகூடத் தலைகாட்டாமல் எங்கே ஒளிந்திருக்கும் என்ற சங்கடம் அப்போதே இருந்தது.

தொல்லை கொடுப்பது குவார்க்குகள். ஒளித்துகள் கணநேரம் குவார்க் ஜோடியாக மாறி மீண்டும் ஒளித்துகளாகும் நிகழ்வு. குவார்க்குகள் இந்த ஆற்றலில் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதால், பேனாவும் தாளும் வைத்து இதைக் கணக்கிட முடியாது. 2020-ல் வந்த பழைய கணக்கில் (மேலே 1810 என்றது) இதன் பங்கு 6931. புதிய கணக்கில் 7132. காணாமல்போன இடைவெளியில் பெரும்பகுதி இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

6931 வந்தது ஒரு குறுக்கு வழியில். எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோத விட்டால் எவ்வளவு அடிக்கடி பயான் ஜோடிகளும் மற்றவையும் பிறக்கின்றன என்று அளந்து, அந்தத் தரவைச் சூத்திரத்தில் போட்டால் இந்தப் பங்கு வந்துவிடும். இத்தாலி, அமெரிக்கா, சீனா, ரஷ்யா என்று பல இடங்களில் பல ஆண்டுகளாகச் சேர்த்த தரவு அது.

7132 வந்தது வேறு வழியில். வெளியையும் காலத்தையும் கோலப் புள்ளிகள் போலக் கட்டம் கட்டமாகப் பிரித்து, புள்ளிகளில் குவார்க்குகளை வைத்து, சூப்பர் கம்ப்யூட்டரில் நேரடியாகக் கணக்குப் போடுவது. லாட்டிஸ் முறை என்பார்கள். புள்ளிகளை நெருக்கிக்கொண்டே போனால் உண்மையான உலகத்தை நெருங்கலாம், ஆனால் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். புடாபெஸ்ட், மார்சே, வூப்பர்டால் ஆகிய ஊர்களின் பெயரில் பிஎம்டபிள்யூ என்று அழைக்கப்படும் குழு (காருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) இந்த முறையில் வந்த தன் விடையை 2021 ஏப்ரல் 7 அன்று வெளியிட்டது. அதே நாள்தான் ஃபெர்மிலேபின் அறிவிப்பும். நம் நேரப்படி அன்று இரவு எட்டரைக்கு ஆரம்பித்த நேரலையை நானும் பார்த்தேன். எல்லாரும் 4.2 சிக்மா என்று துள்ளிக்கொண்டிருந்த அதே நாளில், இடைவெளி அவ்வளவு பெரிதில்லை என்று ஒரு கட்டுரை சத்தமில்லாமல் வந்து நின்றது. மறுநாள் செய்திகளில் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் மற்ற லாட்டிஸ் குழுக்களும் தனித்தனியே கணக்குப் போட்டு அதே பக்கம் வந்து சேர்ந்தன. 2025-ல் கோட்பாட்டுக் குழு லாட்டிஸ் எண்ணையே எடுத்துக்கொண்டது.

அப்படியானால் பழைய மோதல் தரவு தப்பு என்று முடிவு செய்துவிடலாமா?

முடியாது. இன்றைக்கு நிஜமான புதிர் இதுதான் என்பது என் கருத்து. 2023 பிப்ரவரியில் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க்கில் இருந்து சிஎம்டி-3 என்ற பரிசோதனை ஒரு விடையைத் தந்தது. பயான் ஜோடி பிறக்கும் வாய்ப்பு, முன்பு மற்றவர்கள் அளந்ததைவிடக் கூடுதலாம். அந்தத் தரவைப் போட்டால் லாட்டிஸ் எண்ணுக்குக் கிட்டே வருகிறது. ஆனால் அதே ஊரில் முன்பு நடந்த சிஎம்டி-2 உட்பட யாரோடும் அது ஒத்துப்போகவில்லை. எதில் தப்பு என்று யாருக்கும் விரலை வைத்துக் காட்ட முடியவில்லை. ஒன்றுக்கொன்று முரண்படும் தரவுகளைச் சராசரி எடுப்பதில் அர்த்தமில்லை என்று சொல்லித்தான் 2025 கணக்கில் மோதல் தரவை ஒதுக்கி வைத்தார்கள். தீர்ப்புச் சொல்லவில்லை, வாய்தா கொடுத்திருக்கிறார்கள்.

இவ்வளவு பெரிய ஆட்கள் போடும் கணக்கில் தப்பு வருமா?

வந்திருக்கிறது. 2001 பிப்ரவரியில் ப்ரூக்ஹேவன், கணக்கிலிருந்து 2.6 சிக்மா விலகிய விடையை அறிவித்தது. அப்போதே புதிய இயற்பியல் என்று கட்டுரைகள் குவிந்தன. அந்த ஆண்டு இறுதியில் மார்சேயில் இருந்த மார்க் நெக்ட், ஆண்ட்ரியாஸ் நைஃபெலர் இருவரும் கணக்கின் ஒரு சிறு பகுதியைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். ஒளி ஒளியோடு மோதுவதைப் பற்றிய பகுதி. கழித்தல் குறி இருந்த இடத்தில் கூட்டல் குறி இருக்க வேண்டும் என்று வந்தது. பழைய கணக்கைப் போட்டிருந்த கினோஷிடாவும் ஹயகாவாவும் தேடிப் பார்த்தபோது, அவர்கள் பயன்படுத்திய கணினி நிரலில் ஒரு குறியீட்டை வேறு வழக்கப்படி வரையறுத்திருந்தது தெரிந்தது. ஒப்புக்கொண்டு திருத்தி எழுதினார்கள். விலகல் 1.6 சிக்மாவாகச் சுருங்கியது. பரீட்சையில் குறி தப்பி மதிப்பெண் போன எல்லாருக்கும் இந்தக் கதையைச் சொல்லலாம்.

அப்போ இத்தனை வருட உழைப்பு வீண்தானா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடைசி அளவையின் துல்லியம் நூறு கோடியில் 127 பங்கு. திட்டம் போட்டபோது குறி வைத்தது 140, அதையும் தாண்டிவிட்டார்கள். ஆயிரம் கிலோமீட்டர் தூரத்தை அளந்து அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் பிழை என்று சொல்வதற்குச் சமம். சேர்த்த தரவு ப்ரூக்ஹேவனைப்போல 21 மடங்குக்கும் மேல்.

இந்த எண் இனி ஒரு சுங்கச் சாவடி. புதிய துகள் ஒன்றை முன்மொழிந்து கோட்பாடு எழுதும் எவரும் இதைக் கடந்துதான் போக வேண்டும். ‘என் துகள் மியூவானின் காந்தத்தை இவ்வளவு மாற்றும்’ என்று அவர்கள் கணக்கில் வந்து, அது அளவைக்குப் பொருந்தாவிட்டால் கோட்பாடு அங்கேயே நின்றுவிடும். இடைவெளியை விளக்கவென்றே எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான கட்டுரைகளின் கதிதான் கொஞ்சம் பாவம்.

புதிய துகளுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் யாரும் இப்போதைக்குப் பந்தயம் கட்ட முடியாது. அளவையின் பிழை 14.5, கணக்கின் பிழை 62. தராசின் ஒரு தட்டு நகைக்கடைத் தராசு, இன்னொன்று காய்கறிக்கடைத் தராசு. கணக்கின் பிழை நான்கில் ஒன்றாகக் குறைந்தால்தான் அளவையின் முழுத் துல்லியத்தையும் பயன்படுத்த முடியும். அப்போது இடைவெளி மறுபடி எட்டிப் பார்த்தாலும் பார்க்கலாம்.

அடுத்து என்ன நடக்கப் போகிறது?

ஃபெர்மிலேபில் 2023 ஜூலை 9 அன்று கற்றையை நிறுத்திவிட்டார்கள். அங்கே இனி இந்த அளவை இல்லை. கோட்பாட்டுப் பக்கம், லாட்டிஸ் குழுக்கள் புள்ளிகளை நெருக்கிக்கொண்டிருக்கின்றன. மோதல் தரவை வைத்திருப்பவர்கள் தங்கள் பழைய ஆய்வுகளைத் திரும்பக் கிளறுகிறார்கள். செர்னில் மியூவோன்-இ என்ற திட்டம், 160 கிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள மியூவான்களை எலக்ட்ரான்கள்மேல் மோத விட்டு, அந்தக் குவார்க் பங்கை மூன்றாவது வழியில் எடுக்கப் பார்க்கிறது. இரண்டு சாட்சிகள் முரண்படும்போது மூன்றாவது சாட்சி தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

அளவைப் பக்கம் ஜப்பானின் டோக்காய் கிராமத்திலுள்ள ஜே-பார்க் ஆய்வகம் தயாராகிறது. அவர்களுடைய வழி முற்றிலும் வேறு. மியூவான்களை முதலில் கிட்டத்தட்ட நிறுத்திக் குளிரவைத்து, லேசர் அடித்துப் பிரித்தெடுத்து, அப்புறம் நிதானமாக முடுக்குவார்கள். கற்றை சிதறாது என்பதால் மின்தகடுகளால் பிடித்து வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. 2024-ல் அப்படிக் குளிர்வித்த மியூவான்களை முடுக்கியும் காட்டிவிட்டார்கள். அங்கே மிதவைக்கும் ராட்சத வண்டிக்கும் வேலை இருக்காது. மியூவான் ஓடப்போகும் வட்டத்தின் விட்டம் 66 சென்டிமீட்டர், ஒரு பெரிய தாம்பாளத்தின் அகலம்.